பின்சீட்டில் கடல்

மாமா,

இன்று காலை பக்கத்து வீட்டில் இரும்புக் கேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கீலில் இருந்த நட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. ஒருவர் அதன்மேல் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். அந்த வாடை சுவரைத் தாண்டி என் அடுக்களை ஜன்னலுக்குள் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணை மூடவில்லை, ஆனால் எதிரே இருந்த அடுப்பும் சுவரும் மெல்ல விலகிப்போய், நம் பழைய வீட்டு முற்றம் வந்து நின்றது. பூவரச மரத்தடி. சாம்பல் நிறக் கார். அதன் அடியிலிருந்து வெளியே நீண்டிருக்கும் உங்கள் இரண்டு கால்கள்.

நீங்கள் போய் எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. தூத்துக்குடியில் உங்களை நினைவு வைத்திருக்கும் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எங்காவது கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால், கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டலை, அந்தத் தோணித் தலைவரைப் பற்றித்தான் பேசுவார்கள். கூரை ஓடும் வெங்காய மூட்டையும் ஏற்றிக்கொண்டு பாய்விரித்துப் போனதை, காற்று திரும்பிய வேளையில் நீங்கள் சுக்கானை விடாமல் நின்றதை. நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். அந்த மனிதரை எனக்குத் தெரியாது. நான் உங்கள் மருமகளாக வந்தபோது நீங்கள் கடலை விட்டுவிட்டீர்கள். முழங்கால் இரண்டும் வீங்கி, தோணியின் ஏணியில் ஏற முடியாமல் போயிருந்தது. மாமி நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். உங்கள் மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய், வருடத்தில் பாதி நாள் எங்கோ ஒரு துறைமுகத்தில் இருந்தார். அந்தப் பெரிய வீட்டில் நீங்களும் நானும்தான்.

நீங்கள் அதிகம் பேச மாட்டீர்கள். காலையில் காபியை வாங்கிக்கொள்ளும்போது ஒரு தலையசைப்பு. மத்தியானம் சாப்பிட்டு எழும்போது, "கொழம்பு நல்லாருந்துச்சு" என்று ஒரு வார்த்தை. மாலையானதும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காரை எடுப்பீர்கள். யாரோ ஒரு கப்பல் ஏஜெண்டு ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற கார் அது. கடற்கரைச் சாலையில் மெதுவாக ஒரு சுற்று. சில நாள் என்னையும் கூப்பிடுவீர்கள். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போன லாரிகள் சாலைகளையெல்லாம் குழிகுழியாக்கியிருந்த காலம். ஒரு குழியில் இறங்கினால், காரின் பின்பக்கம் தாழும், எழும், மறுபடி தாழும். அந்த ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். வெளியே உப்புக்குவியல்கள் வெயிலில் மிதப்பதுபோல் தெரியும். பின்சீட்டில் இருக்கும் எனக்கோ வயிற்றைப் புரட்டும். நீங்கள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

"ஏரல்காரிக்குக் கடல் ஒத்துக்கல, என்னளா?"

ஏரலில் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடல் எப்படி ஆட்டும் என்று எனக்குத் தெரியாது. கார் என்றால் இப்படித்தான் போகும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் நான் மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தேன். முதல் இரண்டும் தங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்; அந்த இரண்டு முறையும் வாசலில் நாற்காலியைப் போட்டு, யார் வந்தாலும் உள்ளே விடாமல் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். இந்த முறை பாளையங்கோட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். மாதம் ஒருமுறை போக வேண்டும். ரயிலில் போனால் மணியாச்சியில் இறங்கி மாற வேண்டும், பெட்டியும் கூட்டமும் படியும் வேண்டாம் என்று நீங்களே காரில் கூட்டிப்போனீர்கள்.

ஆறாவது மாதம் போனபோதுதான் அது நடந்தது. வாகைக்குளம் தாண்டி, வல்லநாட்டு மலை நீலமாகத் தெரியத் தொடங்கிய இடம். சாலையில் ஒரு சின்னப் பாலம், கொஞ்சம் மேடாக. நீங்கள் வழக்கமான வேகத்தில்தான் ஏறினீர்கள். இறங்கும்போது காரின் பின்பக்கம் தூக்கியடித்தது. ஒரு கணம் என் உடம்பு இருக்கையில் இல்லை. கீழே வந்ததும் மறுபடி துள்ளி, வால் வலப்பக்கம் வீசிற்று. எதிரே கரி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்தீர்கள். கார் சாலையை விட்டு இறங்கி உடைமரப் புதருக்குள் போய் நின்றது. முள் கண்ணாடியில் கீறிய சத்தம் இப்போதும் கேட்கிறது.

வண்டிக்காரர் இறங்கி ஓடிவந்தார். உள்ளே என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி, வாயும் வயிறுமா புள்ள இருக்கு. பாத்துப் போவக் கூடாதா?"

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

"ஏளா, வலிக்கா?"

"வலிக்கல மாமா. ஆனா..."

"என்ன ஆனா?"

"உள்ள அசைவே இல்ல."

அதன்பிறகு பாளையங்கோட்டை வரும்வரை நீங்கள் ஓட்டிய விதத்தில் மாட்டுவண்டிகூட நம்மை முந்தியிருக்கும். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் காரை நிறுத்தி, பார்த்து, சுற்றிப் போனீர்கள். நான் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கிடந்தேன். வெளியே பனைகள் ஒவ்வொன்றாக வந்து, நின்று, போயின. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. எங்கோ மயில் அகவியது. என் கை மட்டும் விழித்திருந்து காத்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். பிறகு, "இருக்கு, நல்லாவே இருக்கு. பயந்துபோய்ச் சுருண்டு கெடக்கு" என்றார். இனி இப்படிக் குலுங்கி வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் வெளியே வந்தபோது நீங்கள் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "இருக்காம் மாமா" என்றேன். நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டு, தூணைப் பிடித்தபடியே மெல்லத் தரையில் உட்கார்ந்தீர்கள். உங்கள் முழங்காலுக்குத் தரையில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஒர்க்‌ஷாப் அண்ணாச்சியை வரச்சொன்னீர்கள். நான் ஜன்னலோரம் கட்டிலில் படுத்திருந்தேன். முற்றத்தில் நடப்பதெல்லாம் தெரிந்தது. அவர் காரின் டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கிக் கையை எடுத்தார். கார் தாழ்ந்து எழுந்தது, மறுபடி தாழ்ந்தது, யாரும் தொடாமலே தலையாட்டிக்கொண்டிருந்தது. நல்ல காராக இருந்தால் எழுந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். பின்சக்கரத்தின் டயரைக் கையால் தடவினார். ஒரே மாதிரித் தேயாமல், திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தது. குனிந்து அடியில் பார்த்தார். அங்கே இருந்த ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பிக் களிமண்ணாகியிருந்தது.

"ஸ்பிரிங் துள்ளத்தான் செய்யும் அண்ணாச்சி. அதப் பிடிச்சு அடக்குததுக்குத்தான் இந்த ஷாக்கு. உள்ள எண்ணெயே இல்ல, எப்படி அடக்கும்? போன வருசமே சொன்னேம்லா, ரெண்டையும் மாத்தணும்னு."

நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

புது ஷாக் அப்சார்பர்கள் மதுரையிலிருந்து லாரி ஆபீஸுக்கு வந்து சேர்ந்தன. அண்ணாச்சி மாட்டித் தருவதாகச் சொன்னபோது நீங்கள் மறுத்துவிட்டீர்கள். "சாமானை மட்டும் குடுத்துட்டுப் போரும். நானே மாத்துதேன்." உங்கள் குரலைக் கேட்டு அவர் வாதாடவில்லை. எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, ஜாக்கியையும் ஸ்பானர்களையும் வைத்துவிட்டுப் போனார். முந்தின நாளே நட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டீர்கள். கடற்காற்றில் கிடந்த கார். துரு லேசில் விடுமா?

மறுநாள் காலையில் எனக்குப் பூவரச நிழலில் சாய்வு நாற்காலி போட்டுக் கொடுத்தீர்கள். காரைத் தூக்கி, அடியில் கல் அண்டை கொடுத்து, பின்சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டு, கோணியை விரித்து உள்ளே நுழைந்தீர்கள். மேல் நட்டு கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுக் கழன்றது. கீழ் நட்டு அசையவேயில்லை. சுத்தியலால் தட்டினீர்கள், இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினீர்கள், காத்திருந்தீர்கள். அந்தக் காத்திருப்பில்தான் காரின் அடியிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"அவன் சொன்னத நீ கேட்ட, இல்ல?"

"கேட்டேன் மாமா."

"எனக்குத் தெரியும்ளா. தெரிஞ்சேதான் விட்டுட்டேன்."

ஒரு பூவரசம்பூ என் மடியில் விழுந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தோணியில படுத்தா கடலு ஆட்டிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்துலதான் எனக்கு உறக்கம் வரும். கரைக்கு வந்தப்புறம் கட்டிலு கல்லு மாதிரி நிக்கி. உங்க மாமியும் போயிட்டா. ராத்திரி பூரா முழிச்சிக் கெடப்பேன். இந்தக் கார்ல ஏறி உக்காந்தா, கொஞ்சம்... கொஞ்ச நேரம் அங்க இருக்க மாதிரி இருக்கும். மாத்திட்டா அதுவும் போயிரும்னு விட்டுட்டேன்."

சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அந்தக் கொஞ்சத்துக்கு, உன்னையும் புள்ளையையும் குடுக்கப் பாத்தேன். எம் மவன் வந்தா சொல்லிரு. நான் மறைக்க மாட்டேன்."

கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வெயில் இலைகளுக்கு நடுவே காசுகாசாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. வயிற்றுக்குள் பிள்ளை மெல்லப் புரண்டு படுத்தது.

"மாமா, தண்ணி குடிக்கியளா?" என்று கேட்டேன்.

நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தீர்கள். முகமெல்லாம் கருப்பு. கண்ணோரம் மட்டும் ஈரம் ஓடிய கோடு. செம்புத் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, மறுபடி உள்ளே போய், ரம்பத்தால் அந்த நட்டை அறுத்தே எடுத்தீர்கள்.

கழற்றிய பழையதைத் தரையில் நிறுத்தி அமுக்கினீர்கள். தண்டு எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போய்விட்டது. புதியதை அதேபோல் நிறுத்தி, இழுத்தும் அமுக்கியும் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினீர்கள். இரண்டு கை பலத்தையும் போட்டால்தான் அது மெதுவாக, மனமில்லாமல் இறங்கியது. நீங்கள் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தீர்கள். ரப்பர் புஷ்களைப் போட்டு இரண்டையும் மாட்டி, சக்கரங்களைப் பூட்டி, காரை இறக்கி, பாரம் தரையில் நின்ற பிறகு நட்டுகளைக் கடைசியாக முறுக்கினீர்கள். டிக்கியில் கையூன்றி ஒரே ஒருமுறை அமுக்கினீர்கள். கார் தாழ்ந்தது, எழுந்தது, நின்றது.

"கரைக்கு வந்துட்டு" என்றீர்கள், எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல்.

அடுத்த மாதம் பாளையங்கோட்டைக்குக் கிளம்பினோம். கார் ஜன்னல் வழியே மழைக்கு முந்தின காற்று வந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தேன். புரட்டல் இல்லை, பயமும் இல்லை. காரின் முனகலைக் கேட்டுக்கொண்டே எந்த நேரத்தில் கண் சொருகியதோ தெரியாது. உங்கள் குரல்தான் என்னை எழுப்பியது. தலையைத் திருப்பாமல், தோளுக்கு மேலாகக் கேட்டீர்கள்.

"தெரிஞ்சுதா?"

"என்னது மாமா?"

"பாலம்."

"பாலம் வந்துட்டா?"

கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். உதடு துடித்தது, சிரிப்பா வேறெதுவுமா என்று சொல்ல முடியாது. உங்களைச் சமாதானப்படுத்த நான் அப்படிக் கேட்டதாக நீங்கள் நினைத்திருக்கலாம். இல்லை மாமா. உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

அடைமழைக் காலத்தில் அவள் பிறந்தாள். உங்கள் மகன் கப்பலிலிருந்து வந்து இறங்கியதும் பிள்ளையைத்தான் தூக்கினார். நீங்கள் வாசற்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் இல்லை, அவர் இருந்தவரைக்கும் இல்லை.

அதன்பிறகு மாலையில் நீங்கள் காரை எடுக்கவில்லை. முழங்கால் வலியோடு கரைக்கு நடந்துபோய், கட்டிக்கிடக்கும் ஏதாவது ஒரு வள்ளத்தில் யாரையாவது கை கொடுக்கச் சொல்லி ஏறி உட்காருவீர்கள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் அவளையும் தூக்கிப்போனீர்கள். ஒருநாள் தேடிக்கொண்டு வந்தேன். தண்ணீரெல்லாம் தேன் நிறத்தில் கிடந்தது. வள்ளம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நீங்கள் பலகையில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தீர்கள். அவள் உங்கள் மடியில் விழித்தபடி, உங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. இருட்டும்வரை கரையிலேயே நின்றேன்.

இப்போது அவளுடைய மகளுக்கு நான்தான் தலைவாரிவிடுகிறேன். சுருட்டை முடி, சிக்கு விழுந்தால் லேசில் விடாது. வேரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீப்பை இறக்குவேன். முழுச் சிக்கும் விட்டதும் என் வாய் தானாகக் கேட்டுவிடுகிறது, "தெரிஞ்சுதா?"

அவள் பாடப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள், "என்னது ஆச்சி?"