அக்குளில் ஒரு சதுரம்

பிப்ரவரி 2

தையல் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். பலதேச நாட்டுப்புற நடனக் குழுவின் உடைப் பொறுப்பாளர் எழுதுவது. குழுவுக்குப் புதிய உடைகள் தைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடையை நான் சிபாரிசு செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் பார்த்த தையல்காரர் மாதிரி உடைகள் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, டீ குடித்து வருவதாகச் சொல்லிப் போனார். போனவர் போனவர்தான். அதற்குப் பிறகு குழுத் தலைவர், "உங்க வீட்டுக்காரர் தையல்காரர்தானே, அவர்கிட்டயே குடுங்களேன்" என்றார். நாம் ஒருவரோடு ஒருவர் பேசி எட்டு மாதம் ஆகிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று பெட்டிகள் வருகின்றன. முதல் பெட்டியில் மலைநாட்டு ஆண்கள் கட்டிக்கொண்டு ஆடும் வெள்ளைப் பாவாடை. ஆமாம், ஆண்கள்தான். மடிப்பு ஒன்றுகூடக் குறையக் கூடாது. இரண்டாவதில் பனிப்பிரதேசத்து உடைகள்: குந்தி உட்கார்ந்து காலை உதறி ஆடும் ஆண்களுக்கான சட்டை, கால்சட்டை, வட்டமாக நின்று ஆடும் பெண்களுக்கான ரவிக்கை. மூன்றாவதில் நீளக்கை அங்கி. ஆடுகிறவளின் விரல் முடிந்த பிறகும் அந்தக் கை இன்னும் இரண்டு முழம் போகும். அதை வீசுவதுதான் ஆட்டமே. நீளம் அதிகம் என்று கத்திரி போட்டுவிட வேண்டாம்.

மாதிரி எப்படி இருக்கிறதோ அப்படியே தைக்கவும். உங்கள் சொந்த யோசனைகள் தேவையில்லை.

இப்படிக்கு,
உடைப் பொறுப்பாளர்

பி.கு.: நீங்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிறீர்கள் என்று பக்கத்துக் கடை கடிகாரக்காரரின் மனைவி எழுதியிருந்தாள். உட்கார்ந்து சாப்பிடவும். இது குழுவின் சார்பாகச் சொல்வது அல்ல.


பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய உடைப் பொறுப்பாளர் அம்மா அவர்களுக்கு,

இங்கே கடை நலம், மிஷின் நலம். அங்கே யார் யார் நலம் என்று கேட்கும் உத்தேசம் இல்லை.

உடைகள் தயார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆண்களின் பாவாடையைத் தைத்து முடிப்பதற்குள் என் கண் பூத்துவிட்டது. மடிப்பு படியட்டும் என்று கடை வாசலில் தொங்கவிட்டிருந்தேன். ஒரு அம்மாள் உள்ளே வந்து, "இந்தத் திரைச்சீலை ஜன்னலுக்கா கதவுக்கா" என்று விசாரித்தார். மலைநாட்டு ஆண்களுக்கு என்று சொன்னேன். அவர் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

நீளக்கை அங்கியைப் பார்த்ததும் கத்திரியைக் கையில் எடுத்தேன். பிறகு உங்கள் உத்தரவை நினைத்துக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன். அவ்வளவு கட்டுப்பாட்டோடு வேலை செய்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பனிப்பிரதேசத்து உடைகளைத் தைத்தவன் எவனோ, அவனுக்குத் தொழிலே தெரியவில்லை. எல்லாச் சட்டையிலும் இரண்டு அக்குளிலும் சதுரமாக ஒட்டுப் போட்டிருக்கிறான். கால்சட்டையில் கவட்டையில் இன்னும் பெரிய ஒட்டு. பெண்கள் ரவிக்கையும் அதே லட்சணம். ஒரு சட்டை கிழிந்தது என்றால் ஒப்புக்கொள்ளலாம். அத்தனை சட்டையும் ஒரே இடத்திலா கிழியும்? மேடை ஏறுகிறவர்கள் ஒட்டுப் போட்ட துணியோடு நிற்பதாவது. ஒட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, உடம்போடு படிகிற மாதிரி கச்சிதமாகத் தைத்திருக்கிறேன். சொந்த யோசனை வேண்டாம் என்றீர்கள். இது யோசனை இல்லை, மானம்.

இப்படிக்கு,
தையல் கடை உரிமையாளர்

பி.கு.: நாற்காலி மேல் துணி கிடக்கிறது. அதனால்தான் நின்று சாப்பிடுகிறேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.


மார்ச் 1

கடைக்காரரே,

உங்கள் மானம் நேற்று மேடை ஏறியது. என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைவர் விசில் ஊதினார். பனிப்பிரதேச ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரும் ஒன்றாகக் கைகளை மேலே தூக்கினார்கள். எட்டுச் சட்டையும் ஒன்றாகக் கிழிந்தது. சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. ஜனங்கள் அதுவும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். அத்தோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அடுத்தது அவர்கள் குந்தி உட்கார வேண்டிய கட்டம்.

எட்டுப் பேரும் ஜனங்களுக்கு முதுகைக் காட்டாமல், நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நடந்து மேடையை விட்டு இறங்கினார்கள். ஒருவர் மத்தளத்தை எடுத்துப் பின்னால் பிடித்துக்கொண்டு இறங்கினார். மத்தளக்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை. தலைவர் மட்டும் காலையில் வந்து, "அந்தக் கிழியற சத்தம் நல்லா எடுபட்டுச்சு, எல்லா ஷோவுலயும் வச்சுக்கலாமா" என்று கேட்கிறார். நான் யாரை நொந்துகொள்வது?

அது ஒட்டு இல்லை. கையைத் தூக்கவும் காலை மடக்கவும் துணி இடம் கொடுக்க வேண்டும் என்று வைத்துத் தைத்த துண்டு. உங்களுக்கு எப்படித் தெரியும்? "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லித்தானே டேப்பையே கையில் எடுப்பீர்கள். நிற்கிறவர்களுக்குத் தைத்தே பழகிப்போனீர்கள். நான் ஆடின ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உங்களுக்கு முன்வரிசையில் சீட்டு எடுத்து வைத்தேன். ஒன்றுக்காவது வந்தீர்களா? "நான் தச்ச துணி எனக்குத் தெரியாதா, அதைப் போட்டுக்கிட்டுக் குதிக்கிறதை வேற வந்து பாக்கணுமா" என்று கேட்டீர்கள். அன்றைக்குத்தான் நான் பெட்டியைக் கட்டினேன்.

எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறேன். சதுரம் வைத்துத் தைத்துத் தாருங்கள்.

இன்னொரு விஷயம். குழு கடல் கடந்து போகிறது, இரண்டு வருஷத்துக்கு. என்னையும் கூப்பிடுகிறார்கள். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

உடைப் பொறுப்பாளர்


மார்ச் 9

அம்மா தாயே,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் தையலா கிழியும்? நிரூபித்துவிடலாம் என்று, திரும்பி வந்ததில் மேடை ஏறாத உபரிச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். மேல் தட்டில் இருந்த நூல்பெட்டியை எட்டினேன். டர்ர் என்றது. நூல்பெட்டியும் தலையில் விழுந்தது.

சரி, கால்சட்டையாவது தேறும் என்று அதையும் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். அதன் கதையை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கடிகாரக்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, ஊசி எதுவும் விழுந்துடுச்சா" என்றார். ஆமாம் என்றேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பாவம் ரொம்ப நேரம் தேடினார். பிறகு அவரை நான் தூக்கிவிட, என்னை அவர் தூக்கிவிட, ஒருவழியாக எழுந்தோம்.

அன்றிலிருந்து கடையில் அளவெடுக்கும் முறையை மாற்றிவிட்டேன். வருகிறவர்களைக் கையைத் தூக்கச் சொல்கிறேன், குந்தச் சொல்கிறேன், ஒரு சுற்றுச் சுற்றச் சொல்கிறேன். கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு மாப்பிள்ளை, "கோட்டு போட்டுக்கிட்டு நான் எதுக்குங்க குந்தணும்" என்று கேட்டார். வாழ்க்கையில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும் என்றேன். மனிதர் பயந்து அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்.

எல்லாவற்றிலும் சதுரம் வைத்துத் தைத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் நானே போட்டு ஆடிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். பெண்கள் ரவிக்கையைப் பற்றிக் கேட்காதே. வெள்ளைப் பாவாடையையும் கட்டிச் சுற்றிப் பார்த்தேன். சுற்றினால் அது விரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. குண்டூசி டப்பா, டீ கிளாஸ், சீப்பு எல்லாவற்றையும் மேஜையிலிருந்து வாரிக்கொண்டு போய்விட்டது. ஆனால் விரியும்போது அழகாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லித் தொலைக்காதே.

இரண்டு வருஷம் என்று எழுதியிருந்தாய். நல்ல வாய்ப்பு. அந்தப் பக்கம் நல்ல நூல் கிடைக்கிறதோ என்னவோ. வேண்டுமானால் இங்கிருந்து கொஞ்சம் எடுத்துப் போ.

தையல்காரன்


மார்ச் 18

நூலைப் பற்றி எழுதியவருக்கு,

உடைகள் வந்தன. நேற்று மேடையில் எதுவும் கிழியவில்லை. பனிப்பிரதேச ஆட்டக்காரர்களில் குண்டாக இருப்பவர் என்னிடம் வந்து, "அக்கா, சட்டை போட்ட மாதிரியே இல்ல" என்றார். அது பாராட்டு. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைவருக்குத்தான் சத்தம் வரவில்லையே என்று வருத்தம்.

இரண்டு வருஷம் போகிறேன் என்று பெண்டாட்டி எழுதினால், போ என்று எழுதலாம். போகாதே என்று எழுதலாம். எக்கேடு கெட்டுப் போ என்றுகூட எழுதலாம், குறைந்தபட்சம் ஒரு பதில் என்று இருக்கும். நூல் எடுத்துப் போ என்று எழுதிய மனிதரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த வரியைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு குளியலறையில் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

கடிகாரக்காரரின் மனைவி மறுபடி எழுதியிருக்கிறாள். உடைகளை அனுப்பிய பிறகும் தினம் கடையைச் சாத்தியதும் உள்ளே தொம்தொம் என்று சத்தம் கேட்கிறதாம். "அவருக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா, மேஜை விரிப்பை இடுப்புல கட்டிக்கிட்டுச் சுத்துறாரு" என்கிறாள். உங்களுக்கு உடம்பு ஏதும் இல்லையே?

இருபத்தாறாம் தேதி நம் ஊர் மண்டபத்தில் கடைசி நிகழ்ச்சி. சீட்டு இத்துடன் இருக்கிறது, வழக்கம்போல முன்வரிசை. இதற்கும் வரவில்லை என்றால், தலைவரிடம் நான் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். இனிமேல் சீட்டு எடுத்து அனுப்ப மாட்டேன்.

உங்கள் மனைவி


மார்ச் 27

உனக்கு,

இதைக் கடிகாரக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் தங்கியிருக்கும் விடுதி கூப்பிடு தூரம்தான். நேரில் வந்தால் நான் மறுபடி நூலைப் பற்றிப் பேசிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று வந்திருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் உனக்குக் கீழே இருப்பவர்கள் தெரிந்திருக்காது. நீ எட்டிப் பார்த்தபோது என் நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கும். பாதியில் எழுந்து போய்விட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

எட்டுப் பேரும் கையைத் தூக்கினார்கள். நானும் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். பின்னால் இருந்தவர், "சார், மறைக்குது" என்றார். நீளக்கைப் பெண்கள் அந்தக் கைகளை வீசினார்களே, அதையா நான் வெட்டப் பார்த்தேன் என்று நினைத்ததும் என் கையே கூசியது. பாவாடைக்காரர்கள் சுற்றினார்கள். நான் தைத்த மடிப்புதான். ஆனால் அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் பெண்களின் வட்ட ஆட்டம். காலில் சுளுக்கு என்று ஒருத்தி வராததால், அவளுக்குப் பதிலாக நீ வந்து நின்றாய். அவள் ரவிக்கை உனக்குச் சேரவில்லை போலிருக்கிறது, உன்னுடைய பழைய சிவப்பு ரவிக்கையைப் போட்டிருந்தாய். நான் தைத்தது. எல்லோருடைய கையும் தலைக்கு மேலே போனது. உன் கை மட்டும் தோள்வரை வந்து நின்றது. எல்லோரும் சிரித்துக்கொண்டு ஆடினீர்கள், நீயும் சிரித்தாய். கை மட்டும் போகவில்லை. "இறுக்குதுங்க" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். "நேரா நில்லு, சரியாயிடும்" என்று நானும் அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. நேராகக் கடைக்குப் போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

பொட்டலத்தில் இருப்பது உனக்கு. அளவு கேட்கவில்லை, நினைவில் இருந்ததை வைத்துத் தைத்தேன். அக்குள் சதுரம் இரண்டும் மஞ்சள் துணி. தெரியட்டும் என்றுதான் வைத்தேன்.

போகாதே. இதோ, எழுதிவிட்டேன்.

ஆனால் ஆடும்போது உன் முகத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு போகாதே என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இன்று காலை விடுதி வாசலில் உங்கள் தலைவரைப் பிடித்து, குழுவுக்குத் தையல்காரர் வேண்டுமா என்று கேட்டேன். "தைக்க மட்டும்னா இடமில்லீங்க. பாவாடை ஆட்டத்துக்குப் பின்வரிசையில ஒரு ஆள் குறையுது. ஆடுவீங்களா?" என்றார். பாவாடை ஆடுவேன், குந்தி ஆட்டம் மட்டும் பாதிதான் தெரியும், குந்த வரும், எழுந்திருக்க வராது என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எதுக்கும் வீட்டம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க" என்றார்.

கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டேன். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன். நாற்காலியில் இருக்கும் துணியையும் எடுத்துவிடுவேன்.

உன்
தையல்காரன்


மார்ச் 28

என் அன்புள்ள தையல்காரருக்கு,

கடிகாரக்காரர் இன்று மறுபடி வந்து வாசலில் நிற்கிறார், பதில் இல்லாமல் போக மாட்டாராம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன். தூக்கிய கையை இறக்க மனசு வரவில்லை. அப்படியே நின்று அழுதேன். அறையில் இருந்தவர்கள் உடை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பதறிவிட்டார்கள். சரியாக இருக்கிறது என்று சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இடுப்பு மட்டும் ஒரு சுற்றுத் தாராளமாக இருக்கிறது. நான் அவ்வளவு குண்டாகவா உங்கள் நினைவில் இருக்கிறேன்? இதற்கு நேரில் சண்டை இருக்கிறது.

தலைவரிடம் இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன். கடைச் சாவியைக் கடிகாரக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். மேஜை விரிப்பை அவிழ்த்து வைத்துவிட்டு வாருங்கள், இங்கே நல்ல பாவாடையாகவே தருகிறேன். நூல் நிறைய எடுத்து வாருங்கள். அங்கே கிடைக்கிறதோ என்னவோ.

குந்தி ஆட்டத்திலும் உங்களுக்கு இடம் போட்டிருக்கிறேன், ஓரமாக. திரைக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில்தான் நான் நிற்பேன். நீங்கள் தைரியமாகக் குந்துங்கள், தூக்கிவிட நான் இருக்கிறேன்.

உங்கள்
உடைப் பொறுப்பாளர்