ஒரு தூக்கத் தூரம்

புளோமாரி, லெஸ்வோஸ் தீவு
3 மார்ச் 1987

அன்புள்ள ஸ்திராதிஸ்,

இங்கு அனைவரும் நலம். மிர்சினிக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டான். ஜூன் மாதம் கல்யாணம். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து என் மகளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் நீ. கல்யாணத்தில் மணமக்கள் தலையில் மணமுடிகளை மாற்றி வைக்கும் உரிமையும் உன்னுடையதே. நீயாக விட்டுக்கொடுக்காமல் இன்னொருவரைக் கேட்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய பாவம் என்று உனக்குத் தெரியாததா? ஆட்டை இப்போதே கட்டிக் கொழுக்கவைக்கிறேன். சாக்குச் சொன்னாயோ, கழுத்தை நெரிப்பேன்.

உன் இக்னாத்திஸ்

மெல்போர்ன்
2 ஏப்ரல் 1987

அருமை இக்னாத்திஸ்,

கடிதத்தைப் படித்துக் குழந்தை மாதிரி அழுதேன். ஆனால் தூரத்தை யோசித்துப் பார். இங்கிருந்து ஏதென்ஸுக்குப் பதினையாயிரம் கிலோமீட்டர். நடுவில் சிங்கப்பூரில் இறங்கி ஏறி, ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்தே வர வேண்டும். கால் வீங்கிப் பூசணிக்காய் ஆகிவிடும். வெயில் காலம் போகட்டுமே, பொறுக்கக் கூடாதா? என் பிள்ளைக்கு நான்தான் முடி மாற்றுவேன். வேறு எவனையாவது நிறுத்தினால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

உன் ஸ்திராதிஸ்

புளோமாரி
30 ஏப்ரல் 1987

அன்புள்ள ஸ்திராதிஸ்,

உனக்காகத் தள்ளிவைத்துவிட்டோம். நவம்பர் எட்டு, ஞாயிறு. அதற்குமேல் முடியாது. அடுத்த வாரமே கிறிஸ்துமஸ் நோன்பு, கல்யாணம் கூடாது; அது முடிந்தால் லீப் வருடம். லீப் வருடத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? மாப்பிள்ளையின் அம்மா, "ஞானத்தகப்பன் வருவாரா, இல்ல கதை அளக்கிறாரா?" என்று குத்துகிறாள். "என் ஸ்திராதிஸ் சொன்னா சொன்னதுதான்" என்றேன். கால் வீங்கினால் வீங்கட்டும். என் மனைவி ராலூ வெந்நீர் ஊற்றுவாள்.

உன் இக்னாத்திஸ்

மெல்போர்ன்
28 செப்டம்பர் 1987

அருமை இக்னாத்திஸ்,

மன்னித்துக்கொள். இவ்வளவு தூரம் விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லீப் வருடம் கழியட்டும், எண்பத்தொன்பதில் எப்படியும் வந்துவிடுவேன். அதுவரை என் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. மிர்சினிக்கு என் முத்தங்கள்.

உன் ஸ்திராதிஸ்

புளோமாரி
12 நவம்பர் 1987

ஸ்திராதிஸ்,

போன மாதம் ஏதென்ஸ் விமான நிலையத்தில் ஒரு காப்பி குடித்தாயே, அதைப் போட்டுக் கொடுத்தது மிர்சினி. கல்யாணம் தள்ளிப்போனதும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அங்கே வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டுச் சுவரில் உன் படம் இருக்கிறது, பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தனக்காகத்தான் வந்துவிட்டாய் என்று நினைத்து உன் கையை முத்தமிட வந்தாளாம். அதற்குள் நீ பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க மொதலாளி மகனுக்கு முடி மாத்த வந்தேன். தூரமா? ஏறினதும் ஒரு தூக்கம், முழிச்சா ஏதென்ஸ்!" என்றாய்.

அப்புறம் அவள் விரலில் நிச்சய மோதிரத்தைப் பார்த்து, "எப்பம்மா கல்யாணம்?" என்று கேட்டாயாம்.

"எங்க ஞானத்தகப்பனார் வரணும்யா. ரொம்ப தூரத்துல இருக்கார்."

"வந்துடுவாரும்மா. மனசிருந்தா தூரமெல்லாம் ஒரு தூரமா?"

இதை என் மகளிடமே சொல்லியிருக்கிறாய். வயிறு எரிகிறது, ஸ்திராதிஸ். முடியாது, வேறு ஆளைப் பார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். எங்கள் கையைக் கட்டிப்போட்டுவிட்டுப் பணக்காரன் வீட்டில் போய் நின்றாயே!

கல்யாணம் எட்டாம் தேதியே நடந்தது. மிர்சினியோடு அந்தக் காப்பிக் கடையில் கோப்பை கழுவும் கலியோப்பி முடி மாற்றினாள். முதல் நாள் கடலில் பெருங்காற்று. கப்பலில் வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவள், இறங்கியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "தேவாலயம் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டாள்.

இக்னாத்திஸ்