பயிர் நிற்கிற கொல்லை

அடி அண்ணாமலை
14-9-1958

அன்புள்ள சகாதேவன் அண்ணனுக்கு ரேணுகாம்பாள் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்.

கடிதத்தைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது, மூலையிலிருந்த எண்ணெய்க் கறைதான். முகர்ந்து பார்த்தேன். போண்டா. போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டா, 'பட்டணத்துச் சோறு வெறுத்துவிட்டது, களியும் நம் கொல்லைக் கீரையும் போதும்' என்று எழுதினீர்கள்?

நீங்கள் சொன்னபடி அவரையைப் பாதையோர வேலியில் ஏற்றினேன். மலை சுற்ற வருகிறவர்கள் அரோகரா சொல்லிக்கொண்டே பறித்துப் போகிறார்கள். தடுக்க எனக்கு வாய் வருவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன்.

டீக்கடை ராமன், தீபத்துக்கு வருகிறவர்களுக்கு வண்டிக் கொட்டகை போடக் கொல்லையைக் கேட்டு மறுபடியும் வந்தார். "பையன் திரும்பி வந்து பயிர் வெக்கிறேன்னு சொல்றான், பாக்கலாம்" என்று நைனா அனுப்பிவிட்டார். உங்கள் ஒரு சொல்லுக்காகத்தான் கொல்லை நிற்கிறது. எப்போது வருகிறீர்கள்? சுரை பிஞ்சு விட்டிருக்கிறது.

ரேணுகாம்பாள்

சென்னை
20-9-1958

அன்புத் தங்கை ரேணுவுக்கு,

ஐப்பசியில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன். ராமனுக்கு ஒரு பிடி மண்கூடக் கிடையாது. முதல் சுரைக்காயை அறுத்துவிடாதே! என் கையால்தான் அறுக்க வேண்டும். பாசிப்பருப்பு போட்டு, காரம் கம்மியாக, மண்சட்டியில் கூட்டு. நினைத்தாலே இங்கே நாக்கில் ஊறுகிறது. நாம் இரண்டு ஆடும் வளர்க்கலாம். சுரைப் பந்தலைக் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போடு.

சகாதேவன்

அடி அண்ணாமலை
30-11-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

ஐப்பசி போயிற்று. தீபமும் முடிந்தது. காய்த்து நிற்கிற பந்தல் கிழக்கே நகர அதற்குக் கால் இருக்கிறதா?

சுரைக்காய் முற்றிவிட்டது. நகம் இறங்கவில்லை. தட்டினால் குடம் மாதிரி சத்தம் வருகிறது. "உங்கண்ணன் வந்து அதுல தண்ணி மொண்டு குடிக்கட்டும், வேற எதுக்கும் ஆவாது" என்கிறாள் அம்மா. அறுத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

தீபத்தன்று மலையில் ஜோதி பார்த்த பிறகு, மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தேன். உப்பும் புளியும் தவிர எல்லாம் நம் கொல்லையில் விளைந்தது. நைனா மறுசோறு கேட்டார். உங்களுக்கென்று எடுத்து வைத்ததை, வந்த கோபத்தில் நானே சாப்பிட்டுவிட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது.

ரேணுகாம்பாள்

சென்னை
28-12-1958

அன்புத் தங்கைக்கு,

சந்தோஷச் செய்தி. பதவி உயர்வு கொடுத்து பம்பாய்க்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே பூரியும் பாசுந்தியும் பிரமாதமாம். களி, ஆடு எல்லாம் ஒரு ஆசைதானே, நடக்கிற காரியமா? கொல்லையை ராமனுக்கே கொடுத்துவிடச் சொன்னேன் என்று நைனாவிடம் சொல். உனக்கும் வெயிலில் நிற்கிற கஷ்டம் மிச்சம். அந்தச் சுரைக்காயை மட்டும் பத்திரமாக வை.

சகாதேவன்

அடி அண்ணாமலை
19-1-1959

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு வரி விடாமல் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ராமனுக்குச் சொல்லி அனுப்பினார்.

நேற்று ராமன் ஆட்களோடு வந்தார். வேலியில் அவரை இன்னும் பூத்திருப்பதைப் பார்த்து வெளியிலேயே நின்றுவிட்டார். "பயிர் நிக்கிற கொல்லைல கடப்பாறை போடமாட்டேங்க. எங்கப்பன் காலத்திலேர்ந்து அப்படித்தான். ஒரு செடி பச்சையா நின்னாலும் சரி, அது காய்ச்சு ஓயட்டும்" என்றார்.

"இந்த மாசத்தோட ஓஞ்சிடும்" என்றார் நைனா.

ராமன் நான் நின்ற கதவுப் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இன்னாம்மா, ஓஞ்சிடுமா? உனக்குத்தானே தெரியும்!"

நான் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தேன்.

இன்று விடிந்ததும் உங்கள் சுரைக்காயை இறக்கி, துவைக்கிற கல்லில் போட்டு உடைத்தேன். விதைகளைச் சாம்பலில் புரட்டி, கொல்லையின் நான்கு மூலையிலும் ஊன்றித் தண்ணீர் விட்டேன்.

ரேணுகாம்பாள்