பெரிய வெள்ளியன்று அடித்த மணி

பிப்ரவரி 8, 2026, ஞாயிறு. திண்டிவனம்

மதியம் பழைய சோறு, பாக்கெட் ஊறுகாய். மகள் ஜெர்லினுக்குப் பிரசவம் பார்க்க விழுப்புரம் போன மேரி இன்னும் வரவில்லை. பேரன் நடக்கவே ஆரம்பித்துவிட்டான். போனில் "கடை எப்படிப் போவுதுங்க?" என்பாள். சொல்வேன். வைத்துவிடுவாள். "எப்ப வர்ற?" என்று கேட்டால் என்ன? யாருக்கும் எந்தப் பம்ப் மோட்டாரையும் பேசி விற்றுவிடுகிற வாய் இது. இதற்கு மட்டும் திறக்கமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 11

வீடியோவில் ஒருவன் உள்ளங்கை அளவு போர்டைக் காட்டினான். அதுவே முழுக் கம்ப்யூட்டராம். பொழுதுபோக்குக்கு இதைவிட மலிவாக ஒன்றும் கிடையாது என்றான். எனக்குப் பொழுதுதான் போகவில்லையே. ஆர்டர் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 16

வந்தது. போர்டு மலிவுதான். ஆனால் அதற்குத் தனி சார்ஜர், மெமரி கார்டு, கேபிள், பெட்டி. எல்லாம் சேர்த்தால் போர்டின் விலையைத் தாண்டிவிட்டது. மோட்டார் விலையைக் குறைத்துச் சொல்லி, ஸ்டார்ட்டரிலும் வயரிலும் பிடித்துவிடுவது என் வழக்கம். என் வித்தையை என்னிடமே காட்டிவிட்டான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

போர்டில் ஒரு பொட்டு விளக்கை விட்டு விட்டு எரியவைக்க நாள் முழுக்க ஆனது. இதில் வியாபாரி பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனாலும்— எரிந்ததும் "மேரி, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டுவிட்டேன். பக்கத்து அறையில் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

மாதா கோயில் மணியைப் போனில் பதிவு செய்து வந்தேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சலைத் தாண்டி அது கடைக்குக் கேட்காது. கீழே கடை, மேலே வீடு. மேரி இருந்தபோது, கோயில் மணி அடிக்கும் பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் மாடியிலிருந்து மூவேளை செபத்துக்குக் குரல் கொடுப்பாள். "ஒரு நிமிசம் கைய நிறுத்துங்களேன்!" நான் ரசீது போட்டுக்கொண்டிருப்பேன். இனி அந்த நேரத்துக்குப் போர்டு மணி அடிக்கட்டும். மாடி ஜன்னலில் ஸ்பீக்கர் கட்டியாயிற்று.

மார்ச் 9

அடித்துவிட்டது! கடையில் பில் போடும் வெண்ணிலா சிரித்தாள். "இதுக்கு இவ்ளோ பேஜாரா? போன்ல அலாரம் வச்சா முடிஞ்சுது."

"அலாரத்த அமுக்கிட்டு அடுத்த கஸ்டமர பாப்பம்மா நானு."

"இத மட்டும் அமுக்க மாட்டீங்களா?"

"மாடி ஏறணுமே."

மார்ச் 15, ஞாயிறு

இந்தப் போர்டு போட்ட காசுக்குத் தகுமா? கஸ்டமர் கேட்டால் வேண்டாம் என்பேன். பழைய போன் ஒன்று இருந்தால் இதே வேலையைச் செய்துவிடும். என்னைக் கேட்டால்? நாலு ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அதற்கு என்ன விலை போடுவது, தெரியவில்லை.

மார்ச் 24

மணி அடித்தால் கையை நிறுத்துகிறேன். செபம் பாதியில் மறந்துவிடுகிறது. பதில் சொல்ல ஆள் வேண்டிய செபம் அது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மானம் போயிற்று.

பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணி ஓய்ந்துவிடும். உயிர்ப்புப் பூசை வரை மரக்கட்டை தட்டுவதுதான். சின்ன வயதிலிருந்து தெரியும். போர்டுக்கு "தினமும்" என்று எழுதி வைத்தவன் நான். பெரிய வெள்ளியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

சிலுவைப் பாதை எங்கள் தெருவில் வந்துகொண்டிருந்தது. சிலுவை என் தோளில். சரியாகப் பன்னிரண்டுக்கு, கடை வாசலில், அத்தனை பேரும் முழந்தாளிட்டு மௌனமாக இருக்கையில், என் மாடியிலிருந்து டாண் டாண் என்று மணி. செபம் சொல்லிக்கொண்டு வந்த உபதேசியார் டோமினிக் காதருகே வந்து, "யோவ் தேவசகாயம், சேசு சிலுவைல கெடக்குறாரு, உன் வூட்ல இன்னாய்யா கொண்டாட்டம்?" என்றார். சிலுவையைக் கீழே போடவா முடியும்? நின்றேன். முகம் எரிந்தது.

பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து மாடிப்படி ஏறினாள். மேரி. காலை ரயிலில் வந்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. சாவியை இன்னும் இடுப்பில்தான் வைத்திருந்தாள். மணி நின்றது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் போர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குங்க இது?"

"நேரம் தெரிஞ்சுக்க."

"செவுத்துல கடியாரம் இருக்குதே."

"வூட்ல சத்தமே இல்ல மேரி."

போர்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு, "நான் இருந்தப்போ மட்டும்? மோட்டார் கதைய தவுர இந்த வூட்ல நான் ஒரு சத்தம் கேட்டதில்ல. அங்க கொழந்த இருக்குது. நீங்க வாங்களேன், ரெண்டு நாளு."

"சனிக்கிழமதான் வியாபாரமே—" என்று ஆரம்பித்துவிட்டேன்.

சிரித்தாள். அது சிரிப்பில்லை. மாலை சிலுவை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 5, ஞாயிறு

உயிர்ப்புத் திருநாள். அரை கிலோ கறி எடுத்தேன். ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

ஏப்ரல் 13

யாராவது கேட்டால் போர்டை அடக்க விலைக்குத் தள்ளிவிடலாமா என்று பார்த்தேன். மனசு வரவில்லை. போன் செய்தேன். "கடை எப்படி—" என்று தொடங்கினாள். "சாப்பிட்டியா?" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு, "இன்னும் இல்ல," என்றாள்.

ஏப்ரல் 18, சனி. விழுப்புரம்

பேரன் என்னைப் பார்த்ததும் அழுதான். ஜெர்லினுக்கு என்னோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை, எனக்கும்தான். விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். வெண்ணிலா போன் செய்தாள். ஒலக்கூர்க்காரர் ஒருவர் மோட்டார் எடுக்க வந்திருக்கிறாராம், விலையைக் குறைக்கச் சொல்கிறாராம், என்னோடுதான் பேசுவாராம். "நீயே பாத்து முடிச்சுடும்மா," என்று வைத்துவிட்டேன்.

மேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினாள்.