தட்டைமூக்குக் குண்டுகள் வந்துவிட்டன

சித்தி, நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன். எழுதக் கஷ்டமாக இருப்பதை ஒளிக்கவும் மாட்டேன்.

இன்று பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. பரமட்டாவில் துவக்குச் சாமான் விற்கும் கடைக்காரர். "உன் ஆன்டியிடம் சொல், அவர் கேட்டுக்கொண்டிருந்த தட்டைமூக்குக் குண்டுகள் வந்துவிட்டன" என்றார். நீங்கள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

நீங்கள் கிழமை நாட்களில் ஆஸ்பத்திரித் தாதி, சனிக்கிழமையில் துவக்குச் சுடும் கழகத்தில் கைத்துவக்குடன் குறிபார்ப்பவர். அம்மாவுக்கு அது வெட்கம். "ஊரிலை கேட்டால் என்னடி சொல்லுவினம்?" என்பா. "குறி தப்பாத பொம்பிளை எண்டு சொல்லுவினம், அக்கா" என்பீர்கள்.

சுட்டபின் மிஞ்சும் பித்தளைத் தோட்டாக் கோதுகளை நீங்கள் எறிந்ததில்லை. கராஜ் மேசையில் வைத்து அவற்றையே திரும்ப நிரப்புவீர்கள். கோது இருந்தது, வெடிமருந்தும் இருந்தது. நுனியில் வைக்கிற ஈயக் குண்டுதான் எந்தக் கடையிலும் இல்லை. முகம் தட்டையான குண்டுதான் கடதாசிக் குறியில் வெட்டினாற்போல் வட்டமாகத் துளைக்கும். மற்றது கிழித்துவிடும், பிறகு புள்ளிக்குச் சண்டை. வருடக் கடைசிப் போட்டி நெருங்கியது. நாங்கள் இருவரும் கடைக்குப் போய்க் கேட்டபோது, "அடுத்த மாதக் கப்பலில் வரும்" என்றார் கடைக்காரர்.

வெளியே வந்து, "அடுத்த மாசம் எனக்குத் தோதுப்படாது, பிள்ளை" என்றீர்கள். இரவு வேலையாக்கும் என்று நினைத்தேன். பென்டில் ஹில்லில் வீட்டுக்கு ரயிலில் வரும்போதுதான், நோய் அதுவரை விடாது என்கிறீர்கள் என்று விளங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கழகத்தில் கேட்டோம். ஒருவரிடமும் இல்லையாம். தட்டுப்பாடு வந்தால் இருக்கிறவரும் இல்லையென்றுதான் சொல்லுவார் என்று நீங்களே சிரித்தீர்கள். ஆனால் அன்று காற்றில் உங்கள் தலைச்சால்வை விலகியது. முடியில்லாத தலையை எல்லாரும் பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை, எப்போதும் உங்களுக்குப் பக்கத்தில் நின்று சுடும் கிழவர் கெவின், ஒரு புகையிலை டின்னை மேசையில் வைத்தார். நிறையக் குண்டுகள்.

"ஏன் கெவின், கப்பல் உங்கள் வீட்டு வாசலுக்கா வந்தது?" என்று கேட்டீர்கள்.

அவர் காதுவரை சிவந்தார். "சின்னக் கப்பல்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களும் தங்கள் பைகளிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்துப் போட்டார்கள்.

அந்தக் கிழமை முழுக்க நிரப்பினீர்கள். நிரப்பும் பொறியின் நெம்புகோலை இரண்டு கையாலும் இழுத்தீர்கள். உதவிக்கு வந்த என்னைத் தொட விடவில்லை. "இதென்ன, மா இடிக்கிறதே? கொஞ்சம்தான்" என்றீர்கள். போட்டிக்கு முன்னமே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இந்த முறை தாதியாக இல்லை, கட்டிலில். திரும்பி வரவில்லை.

நீங்கள் நிரப்பியவற்றைக் கெவின் வந்து எடுத்துப்போனார். நானும் கூடக் கழகத்துக்குப் போனேன். போட்டி முடிந்திருந்தது. "இதை நீங்கள் ஆராவது சுடுங்கோவன், சித்திக்காக" என்று என் வாயில் தமிழ்தான் முதலில் வந்தது. பிறகு இங்கிலீஷில் சொன்னேன்.

கெவின் தலையை ஆட்டினார். "ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் சுடுவதில்லை, கண்ணே. உள்ளே எவ்வளவு போட்டிருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். பிரிக்கத்தான் வேண்டும்."

பழைய பத்திரிகையை விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஈயம் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம். முதலாவதிலிருந்து கொட்டிய மருந்தைப் பார்த்துக் கெவின் நிறுத்தினார். இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் அவ்வளவுதான்.

"இவ்வளவு குறைவாகவா?" என்றார் ஒருவர்.

"இதற்கு மேல் போட்டால் துவக்கு உதைக்கும், அவர் மணிக்கட்டு தாங்காது" என்றார் கெவின்.

ஒருவருக்கும் சொல்லாமல் நீங்கள் வைத்திருந்தது அந்தப் பத்திரிகையில் கிடந்தது, சித்தி. எங்களிடம் "கொஞ்சம் களைப்பு" என்றே சொன்னீர்கள். ஆனால் உங்கள் கையின் பலத்தைச் சரியாக அளந்து, அவ்வளவு மட்டும் போட்டிருக்கிறீர்கள். அப்படியும் சுடத்தான் நினைத்தீர்கள். அந்தச் சிட்டிகை மருந்தைத்தான் நான் இப்போதும் எங்கு போனாலும் மனதில் கொண்டு திரிகிறேன்.

ஆர் கொடுத்த குண்டு எது என்று தெரியவில்லை. ஒருவரும் திரும்ப எடுக்கவில்லை. கடைசியாக வெளியே வந்த கெவின் சுவிச்சை அமத்தினார். கழகத்தின் விளக்குகள் அணைந்தன.