ஆறு மாதத்துக்கு விற்ற குரல்

இன்று காலை உன் டேப்பை மிஷினில் ஏற்றினேன். மின்விசிறிக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தின் இசையை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். குரல் அப்படியே இருக்கட்டுமாம். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. அது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. மைக்கின் பஞ்சுறையில் இன்னும் உன் கிராம்பு வாசனை இருப்பதுபோல் பட்டது. எனக்கு அழுகை வரவில்லை. ஒலி மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்கத்தாவுக்கு அக்கரையில், நம் சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில் உன் இங்கிலீஷுக்குத் தனிப் பெயர். நீ பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. வாயைத் திறந்தால் பார்க் ஸ்ட்ரீட் துரை. பாலிகஞ்சில் நான் ஒலிப்பதிவு செய்யும் ஸ்டூடியோவுக்கு நான்தான் உன்னைக் கூட்டி வந்தேன். பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் ஒரு வாசிப்புக்குக் கேட்கும் தொகையில் கால்வாசிக்கு நீ கிடைத்தாய். "குரல் பம்பாய், கூலி சாந்த்ராகாச்சி" என்று முதலாளி என்னிடம் ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். உன்னிடம் நான் சொல்லவில்லை.

மின்விசிறி விளம்பரத்துக்கான ஒப்பந்தத் தாளை அவர் நீட்டியபோது அதையும் நீ மைக் முன்னால் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாய். எல்லோரும் ரசித்தோம். இரண்டு இடத்தில் கமா விட்டுப்போனதைக்கூடத் திருத்தினாய். எக்காலத்துக்கும், எந்த வடிவத்திலும் குரலைப் பயன்படுத்தலாம் என்ற வரி வந்தபோது மட்டும் நிறுத்தி, "ஆறு மாசத்துக்குத்தானே சார்?" என்று கேட்டாய். ஆறு மாதம்தான், இதெல்லாம் வழக்கமாக எழுதுவது என்றார் முதலாளி. மைக் ஆனில் இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஹெட்போனில், ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. நீ கையெழுத்துப் போட்டாய்.

விளம்பரம் நான்கு வருஷமாகத் தியேட்டர்களில் ஓடுகிறது. தொண்டையில் ஆபரேஷன் ஆகி, உனக்குக் காற்று மட்டும் வர ஆரம்பித்த பிறகு, ஆறு மாதத்துக்கு மேல் ஓடியதற்குப் பணம் கேட்க முடியுமா என்று பவானிபூர் வக்கீலிடம் போனோம். நல்ல மனிதர். பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. தாளில் இருப்பதை மீறி வாய்ப்பேச்சு நிற்பது கஷ்டம், அதைக் காதால் கேட்ட சாட்சி வேண்டும் என்றார். அவர்கள் பாரிஸ்டர் வைப்பார்கள், நாமும் வைத்தாக வேண்டும் என்றார். அப்படி ஒருவர் ஒரு நாள் கோர்ட்டில் வாய் திறக்க ஆகும் செலவு, இந்த விளம்பரத்துக்கு நீ வாங்கியதைப்போலப் பல மடங்கு. நீ சிலேட்டில் எழுதி என் பக்கம் திருப்பினாய்: "என்னைவிட நல்லா இங்கிலீஷ் பேசுவானாமா?"

நான் சிரிக்கவில்லை.

படியிறங்கும்போது என்னைப் பார்த்தாய். சாட்சி யார் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த ஸ்டூடியோவை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை. "அவ்வளவு பணத்துக்கு எங்கடா போறது, விடு" என்றேன். தொகை பெரிதாக இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. நீ சிலேட்டைச் சட்டையால் துடைத்தாய். பஸ் வந்தது. ஏறினோம்.

இன்று, டேப்பின் தொடக்கத்தில் எட்டு வினாடி வேண்டாத பகுதி. வெட்டச் சொல்லியிருந்தார்கள். பிளேடால் வெட்டினேன். வாசிப்பதற்கு முன்னால் சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க நீ பேசுவது அது. அதை மட்டும் தமிழில் பேசுவாய். அந்தத் துண்டைக் குப்பையில் போடாமல் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

"டேய், கேக்குதா?"

கேட்டதுடா. ஆறு மாதம் என்று முதலாளி சொன்னதுகூடக் கேட்டது.