கொண்டல் காற்றை நம்பிக் கொளுத்தியது

பெப்ரவரி 10, செவ்வாய்

காலையில் வயல்வெளி முழுக்க மங்கல். பனி இல்லை, பனியென்றால் முகத்தில் ஈரம் படும். இது தொண்டையில் அரிக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து புகையும் தூசியும் வருகிறதாம், மூச்சு வருத்தக்காரர் கவனமாம் - ரேடியோவில். தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் விளக்கியது நான்தான். விஞ்ஞானத்தில் கோட்டை விட்டவனின் விளக்கம். "எல்லாம் இந்தியாப் புகை." ஒருவரும் மறுக்கவில்லை. சந்தோசம்.

நெல்லு வெட்டு மிஷின் வேலை முடிந்தது. வீட்டுப் பக்கத் துண்டு, குளத்துப் பக்கத் துண்டு, இரண்டிலும் வைக்கல். பக்கத்து வயல் தங்கராசா வந்தான். "மச்சான், ரெண்டு நாள் பொறு. மாட்டுக்கு நான் அள்ளுறன்." ஓம் என்றேன்.

வாங்க: சவர்க்காரம், தீப்பெட்டி, அனிற்றாவுக்கு வெள்ளைச் சொக்ஸ். மகளுக்கு வியாழன் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. எண்ணூறு மீற்றர். சின்னனில் மூச்சு முட்டி இழுத்துக்கொண்டே கிடந்த பிள்ளை. இப்போது வரம்பில் ஓடுகிறாள், தாய் ரெஜினா ஃபோனில் நேரம் பார்க்கிறாள். எனக்கு அங்கே இடமில்லை, மகளின் கட்டளை. "அப்பா பகிடி விட்டுச் சிரிக்க வைப்பார், மூச்சுப் போயிடும்."

பெப்ரவரி 11, புதன்

ட்ரக்டர்காரன் நாளைக்கே உழ வருகிறானாம். ஈரம் காயுமுன் உழுந்து போட வேண்டும். தங்கராசாவிடம் ஓடி, அவனோடு நின்று இன்றைக்கே வைக்கல் அள்ளியிருக்கலாம். பஞ்சி, உடம்பு வளையாத சோம்பல். வேறு காரணம் எழுதினால் பொய்.

பின்னேரம் நல்ல கொண்டல். கிழக்கிலிருந்து கடலைப் பார்த்து வீச்சு, புகை ஊர்ப் பக்கம் வராது. தாழ்வுபாட்டுக் கடற்கரையில் பிறந்து, கலியாணம் கட்டி வயலுக்கு வந்தவன் நான். எனக்கா காற்றுத் தெரியாது? வீட்டுப் பக்கத் துண்டில் நெருப்பு வைத்தேன்.

பொழுதுபட, காற்று நின்றது. புகை எழும்பவில்லை. பாய் விரித்துப் படுத்தது, பள்ளிக்கூடப் பக்கம். வேப்பங்கொப்பால் அடித்துப் பார்த்தேன். விசிறிவிட்டதுதான் மிச்சம்.

குளித்து, கழற்றிய சேட்டைச் சவர்க்காரத்தில் ஊறப் போட்டேன். ரெஜினா: "என்ன மணம் இது?"

"இந்தியாப் புகை."

அவள் சிரிக்கவில்லை.

பெப்ரவரி 12, வியாழன்

விடிந்தும் புகை மைதானத்தை விட்டுப் போகவில்லை. கோடு போட்ட சுண்ணாம்பே மங்கல்.

முதல் சுற்று அனிற்றா முன்னுக்கு. நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேன். இரண்டாம் சுற்றில் புளியமரத்தடியில் நின்றுவிட்டாள். இரண்டு கையும் முழங்காலில். தோள் எழும்பி எழும்பி விழுந்தது. மற்றப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். ரெஜினா மூச்சுக்கு இழுக்கும் பம்ப்போடு ஓடினாள். நான் கதிரையால் இறங்கவே நேரமெடுத்தேன்.

விளையாட்டு மிஸ்ஸுக்குச் சரியான கோபம். "ஆர் வைக்கல் கொளுத்தினது? பிள்ளையளைப் பார்க்கிறேல்லையோ?"

ஒருவர், "தங்கராசாவின்ர வயலும் அந்தப் பக்கம்தானே" என்றார். தங்கராசா என்னைப் பார்த்தான். நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

பம்ப்பை வாயிலிருந்து எடுத்து, அனிற்றா: "ஒருத்தரும் கொளுத்தேல்ல மிஸ். இந்தியாப் புகை. ரேடியோவில சொன்னவை."

ஆஸ்பத்திரி. மூக்கில் கப் வைத்து மருந்துப் புகை பிடித்தார்கள். கப்புக்கு மேலே அவள் கண் இரண்டும். என்னைத்தான் பார்த்தன.

ட்ரக்டர்காரன் வரவேயில்லை.

பெப்ரவரி 14, சனி

பிள்ளைக்குச் சுகம். இருமல் மட்டும்.

கொளுத்தியது நான்தான் என்று ரெஜினாவிடம் சொன்னேன். "பிள்ளைக்கு அண்டைக்கு இரவே தெரியும். உங்கட தலைமயிர் புகை மணந்ததாம்" என்றாள். கறிக்குப் புளி விட்டுக்கொண்டே சொன்னாள். ஏசியிருக்கலாம்.

தங்கராசாவிடம் போனேன். "விடு மச்சான். மாடு சாம்பல் தின்னாது, அதுதான் கவலை." பகிடி. என் பகிடிகளை விடத் திறம்.

மிஸ்ஸின் வீட்டுக்கும் போனேன், சொல்ல. வாசல் படலையில் நின்று ஆட்டுவிலை கதைத்தேன். ஆடு வாங்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார். திரும்பி வந்தேன்.

பெப்ரவரி 18, விபூதிப் புதன்

மங்கல் குறைவு. லேசான வாடைக் காற்று.

மகளோடு தவக்காலத் தொடக்கப் பூசை. பங்குச் சுவாமி நெற்றியில் சாம்பல் பூசினார். எனக்கு இந்த வருடம் அது முன்கூட்டியே கிடைத்துவிட்டது. வாய்க்குள் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. பக்கத்தில் அனிற்றா இருமலை அடக்கிக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது சைக்கிள் கரியரில் இருந்து கேட்டாள்.

"அப்பா, குளத்துப் பக்கத் துண்டு எப்ப கொளுத்துறீங்கள்?"

"ஏன் பிள்ளை?"

"முன்னமே சொல்லுங்கோ. அண்டைக்குத் தாழ்வுபாட்டில பெரியப்பா வீட்ட போய் நிப்பன்."

கோபமில்லை. பஸ் நேரம் கேட்பது போலக் கேட்டாள்.

சைக்கிளை நிறுத்தி, குந்தியிருந்து செயினைப் பார்த்தேன். செயினுக்கு ஒன்றுமில்லை.